உன் பக்கம் கேட்க வந்தேன்

என் வீட்டு மகாராணிக்கு,

சிரிக்காதே. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நான், பல்கலைக்கழகத்தில் டீ கொடுக்கப் போய் ஆங்கில வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேற்று நாட்டுப் பத்திரிகையில் வந்த ஒரு படத்தை டீச்சர் காட்டினார்: வெள்ளத்தில் அழுகிற பெண்.

"இதை யார் எடுத்தாங்க? யார் பாக்கறதுக்காக? அந்தம்மா சொன்னது எங்கே?" என்று டீச்சர் பிள்ளைகளைத் துளைத்தெடுத்தார். செய்தி முழுக்கத் தேடினார்கள். அவள் பேச்சு ஒரு வரிகூட இல்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "எங்க வீட்டுச் சண்டையும் இப்படித்தாம்மா. என் பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஊரெல்லாம் நான் சொன்ன கதைதான் ஓடுது, அவ பக்கம் யாருக்கும் தெரியாது."

"அப்ப அக்காகிட்டயே போய்க் கேளுங்கண்ணே!" என்றாள் மாணவிகளில் ஒரு வாயாடி.

ஞாயிற்றுக்கிழமை கேட்கத்தான் வந்தேன். வாசலில் உன் அண்ணன் வீட்டு நாய் என் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. உன்னைக் கேட்காமலே வலது செருப்போடு திரும்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் டீக்காரன்