நீ துப்பினாய், நான் விழுங்கினேன்

இன்று காலை என் வீட்டுக்காரி அலமாரியை ஒதுக்கும்போது ஒரு காலிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இதுல மணி பிளாண்ட் வெக்கட்டா?" என்று கேட்டாள். வாங்கி மூடியைத் திறந்து மூக்கில் வைத்தேன். இத்தனை வருடம் ஆகியும் அந்த ரை விஸ்கியின் வாசம் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. காய்ந்த மிளகும் வைக்கோலும் கலந்த வாசம். உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போனவனைத் திட்ட வேறு வழி இல்லாததால் இதை எழுதுகிறேன்.

நம் தேயிலைத் தொழிற்சாலையில் நீ டீ மேக்கர், நான் இலையை உலர்த்தும் டிரையரை ஓட்டுகிறவன். அரைத்த இலையைப் பரப்பிப் போட்டால் பச்சை வாசம் மெல்லக் குறைந்து பழ வாசம் வரும். வந்த அந்த நிமிடத்தில் இலை என் டிரையருக்குள் போக வேண்டும். முந்தினால் டீயில் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சப்பென்று ஆகிவிடும். அந்த நிமிடத்தைச் சொல்வதற்குத்தான் உன் மூக்கு. அதை வைத்துக்கொண்டு நீ காட்டிய பந்தா கொஞ்சமா? என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குக் கொழம்புல வெந்தயம் கூடிட்டு" என்பாய். என் வீட்டுக்காரிக்கு உன்னைக் கண்டாலே எரியும்.

கொரோனாக் காய்ச்சல் உனக்கு வந்து போன பிறகு ஒரு நாள் என்னைத் தொழிற்சாலைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனாய்.

"லேய், எனக்கு ஒண்ணும் மணக்க மாட்டேங்குல."

நான் நம்பவில்லை. தூக்குவாளியில் இருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்து உன் மூக்குக்குள்ளேயே சொருகப் பார்த்தேன். நீ அசையவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அப்போதுதான் நம்பினேன்.

"ரிட்டயர் ஆவ எட்டு மாசந்தான் இருக்கு. இப்பத் தெரிஞ்சா என்னைய இலை நிறுக்கப் போட்டுருவாவ. முப்பது வருசம் மூக்கால பேர் வாங்கினவன், கடைசியில தராசப் பிடிச்சிட்டு நிக்கணுமால?" என்றாய்.

அன்றிலிருந்து நான்தான் உன் மூக்கு. நீ இலையை அள்ளி முகத்தருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாய். நான் உன் வலப்பக்கம் நின்று இருமுவேன். ஒரு இருமல் என்றால் பொறு, இரண்டு இருமல் என்றால் தள்ளு. கொரோனாக் காலத்தில் ஒருவன் இப்படி இருமிக்கொண்டே திரிந்தால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு காதைச் சொறிவது என்று மாற்றிக்கொண்டோம்.

இன்னும் இரண்டு மாதம் தாண்டினால் போதும் என்றிருந்தபோது, மேனேஜரின் மச்சான் வெளிநாட்டிலிருந்து நான்கு பாட்டில் ரை விஸ்கியோடு வந்து இறங்கினான். ரை என்றால் நம் ராகியா என்று கேட்டேன். இல்லை, கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம் என்றான். மலிவான ரை விலை கூடினதை ஜெயிக்கும் என்பது அவன் கட்சி. மலிவு மலிவுதான் என்பது மேனேஜர் கட்சி. தீர்ப்புச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள், நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தேயிலை ருசி பார்க்கும் அதே வெள்ளைக் கிண்ணங்கள் நான்கு, கரண்டி, துப்புவதற்கு வாளி எல்லாம் தயாராக இருந்தன. எந்தக் கிண்ணத்தில் எந்த விஸ்கி என்று சமையல்காரருக்கு மட்டுமே தெரியும்.

"மேக்கரே, நாலுலயும் நல்லது ஏதுன்னு பறயணும்" என்றார் மலையாளி மேனேஜர், தனக்குத் தெரிந்த தமிழில்.

"ரெண்டு பேரு பாத்தாத்தான் சார் சரியா வரும். இவனும் பாக்கட்டும்" என்று என்னை இழுத்துவிட்டாய். விஸ்கியின் வாசத்தைக் காதைச் சொறிந்து சொல்ல முடியுமா? நான் உன் காதில் குசுகுசுக்க, நீ உரக்கச் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் கிண்ணம். நீ கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, வாளியில் துப்பினாய். மச்சான் பதறிப்போனான். "அய்யோ, அது விஸ்கியாக்கும்!"

"டீயின்னாலும் இப்படித்தான் சார்" என்று வாயைத் துடைத்துக்கொண்டாய்.

எனக்கு மனசு வரவில்லை. கடல் தாண்டி வந்த சரக்கை வாளியில் துப்ப நான் என்ன டீ மேக்கரா? கரண்டி பழக்கமில்லை என்று சொல்லிக் கிண்ணத்தையே தூக்கிக் குடித்தேன். நீ துப்பினாய், நான் விழுங்கினேன். மூக்கான என்னை விட்டுவிட்டு, வாயான உனக்கு மட்டும் ஒழுக்கம் பார்த்தது நம் தப்பு.

முதல் கிண்ணத்துக்குக் கிராம்பு என்றேன். "கிராம்பு முந்திட்டு வருது சார், மத்தது பின்தங்கிட்டு" என்றாய். இரண்டாவதற்கு ஆசாரிப் பட்டறை என்றேன். "மரம் கூடிப்போச்சு, பெட்டியக் கடிக்கிற மாதிரி இருக்கு." மூன்றாவதற்குக் கருகின வெல்லம் என்றேன். "இனிப்பக் காட்டி ஏமாத்துது சார்." மச்சான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். வாசத்துக்கு வார்த்தை கண்டுபிடிக்கும் அந்தத் திறமை மட்டும் உனக்குக் கடைசிவரை போகவே இல்லை.

நான்காவது கிண்ணத்துக்கு வரும்போது நான் உன் தோளில் சாய்ந்துதான் நின்றுகொண்டிருந்தேன். மிளகு, வைக்கோல் என்றெல்லாம் சொல்ல நாக்கு எழவில்லை. "லேய், இது எம் பொண்டாட்டி கூடப் போட்ட மொதச் சண்ட மாதிரி இருக்குல" என்றேன்.

நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சார், இது புதுசாக் கல்யாணம் ஆனவங்க போடுற மொதச் சண்ட. காரமா வருது. தொண்டையில நின்னு ஒரு நிமிசம் மொறைக்குது. அப்புறம் சமாதானமாகி இனிப்பா எறங்குது. இதுதான் நல்லது."

சமையல்காரர் சீட்டைப் பார்த்தார். நான்கிலும் விலை குறைந்தது அதுதான். மச்சான் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான்.

தோற்ற மேனேஜர் சும்மா விடுவாரா? கிண்ணங்களை இடம் மாற்றி வைத்து ஒன்றை உன்னிடம் நீட்டினார். "இது எத்தனாவது கிண்ணம்? ஒத்தைக்கு நின்னு பறயணும்." நான் அந்த நேரம் வாசல் படியில் உட்கார்ந்து அவருடைய நாய்க்கு டிரையரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் ஏறினதெல்லாம் இறங்கிவிட்டது. எழுந்து வரத்தான் பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீ உறிஞ்சினாய், உருட்டினாய், துப்பினாய். கரண்டியைக் கீழே வைத்தாய்.

"தெரியல சார். இவன் பக்கத்துல இல்லன்னா எனக்கு ஒரு வாசமும் தெரியாது."

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டாளுக்கும் நல்லா ஏறிப்போயி!" என்று மிச்ச விஸ்கியை நம் கையில் கொடுத்து அனுப்பினார். ஒரு சொட்டுக்கூட விழுங்காதவன் நீ.

தொழிலாளர் லயத்துக்கு இறங்கும் வழியில், என்னைத் தாங்கிப் பிடித்து வந்த உன்னையே திட்டினேன். "ஏம்ல உண்மையச் சொன்ன?"

"ஆறு மாசமாத் தொண்டையில கெடந்துச்சு. ஒரு தடவயாவது யாருட்டயாவது சொல்லிறணும்னு இருந்துச்சுல" என்றாய். பிறகு சாலையோரம் உட்கார்ந்து அழுதாய். நானும் அழுதேன், ஆனால் எனக்கு விஸ்கி என்ற சாக்கு இருந்தது.

சால்வையோடு ஓய்வு பெற்றாய். மூக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "கொழம்பு எப்படி மணக்குன்னு சொல்லு" என்பாய். நானும் அடுப்படி வாசனையை ஒன்றுவிடாமல் சொல்வேன். வெந்தயத்தைக் குறை சொன்னவன் இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, என் வீட்டுக்காரி உனக்கு முதல் கரண்டியை ஊற்ற ஆரம்பித்தாள்.

போன மாதம் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் தலைமாட்டில் குனிந்தேன். மந்திரம் சொல்கிறான் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். "செவ்வந்தி மணக்குல. சாம்பிராணி கொஞ்சம் தூக்கல். ஒம் மவன் சட்டையில பாச்சா உருண்டை. வெளிய மழ வரப்போவுது" என்று உன் காதில் சொன்னேன்.

உன்னை ரொம்பத் தேடுகிறதடா. எனக்காக மட்டும் மணந்துகொண்டிருந்த என் பழைய மூக்கை நீ திருப்பித் தராமலே போய்விட்டாய். இப்போதும் ஏதாவது வாசம் வந்தால் அதற்கு ஒரு வார்த்தை கிடைக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. கிடைத்ததும் இடப்பக்கம் திரும்பிச் சொல்லிவிடுகிறேன். நீ நிற்கும் பக்கம் அது.