மெழுகு ஒட்டிய கொம்பு

சின்ன காஞ்சிபுரம்
2-1-1970

அரக்கோணத்து மகாராஜா துரைக்கண்ணுவுக்கு,

நான் நலம். உன் நலத்தை நீயே எழுது. உங்கப்பா சலூன் வைக்க அங்கே போனதிலிருந்து வகுப்பில் என் கிண்டலுக்குச் சிரிக்க ஆளில்லை. அந்த ஏக்கத்தில் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது!

நிஜக் கொம்புடா. எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்தது. எருமைக் கொம்பு, ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் அகல வாய், நுனியில் சின்ன ஓட்டை. ஓட்டையில் கறுப்பாக மெழுகு அடைத்திருந்தது, பல்லால் கடித்துத் துப்பினேன். பள்ளி நாடகத்தில் ராஜா வரும்போது இதை நான்தான் ஊதப்போகிறேன். வகுப்பே வாய் வைத்துப் பார்த்துவிட்டது. பின்பக்கச் சத்தம்தான் வருகிறது. சரித்திர வாத்தியார், "பல்லவர் காலத்துப் போர்க்கொம்புப்பா!" என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? பொங்கலுக்கு வந்து நீயும் ஊது.

உன் கொம்பன்,
வீரபாகு

அரக்கோணம்
6-1-1970

அன்புள்ள வீரபாகு,

பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டு படி. அது ஊதுகிற கொம்பு இல்லை, உறிஞ்சுகிற கொம்பு. அகல வாயைக் கட்டியின்மேல் கவிழ்த்து, நுனியில் வாய் வைத்து இழுத்தால் கெட்ட ரத்தமும் சீழும் கொம்புக்குள் இறங்கும். வாயில் வைத்திருக்கும் மெழுகை நாக்கால் தள்ளி ஓட்டையை அடைக்க வேண்டும். நீ கடித்தது என் தாத்தா வாயில் ஊறிய மெழுகு. ருசி எப்படி?

நீ கைக்குழந்தையாக இருந்தபோது உங்கப்பா முதுகில் ராஜபிளவைக் கட்டி. தறியில் குனிய முடியாமல் கிடந்தாராம். தாத்தா தினமும் வந்து இழுத்திருக்கிறார். கொம்பு உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

தாத்தா ஐப்பசியில் போய்விட்டார். அவர் புழங்கிய பொருள் என்று எங்களிடம் எதுவும் இல்லை. அதை எனக்குக் கொடுடா. பொங்கலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன் துரைக்கண்ணு

சின்ன காஞ்சிபுரம்
10-1-1970

அடேய் பாவி துரை,

உவ்வே! வேப்பங்குச்சி, உப்பு, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தும் வாய் நாறுகிறது. இட்லியைப் பார்த்தாலே கட்டி மாதிரி தெரிகிறது. வகுப்பில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவன் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தான். உன் தாத்தாவுக்குச் 'சீழ்க்கை வித்வான்' என்று பட்டம் கொடுத்திருக்கிறோம்!

அம்மா, "அய்ய! கண்டவன் வாய் வெச்சத வாயில வெச்சிக்கினு இருந்தியே!" என்று இடுக்கியால் பிடித்துக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டுத் தலைமுழுகினாள். நீ வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பச் சொல்கிறாள். நான் என்ன செய்ய? கோபித்துக்கொள்ளாதே.

குமட்டலுடன்,
வீரபாகு

அரக்கோணம்
17-1-1970

வீரபாகுவுக்கு,

மாட்டுப்பொங்கலன்று வந்தேன். உங்கள் வாசலுக்கு வரவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் குப்பைமேட்டைக் கிளறினேன். சாணிக்கும் வாடின கரும்புத் தோகைக்கும் அடியில் கிடந்தது. உங்கம்மா எட்டிப் பார்த்து, "யார்ரா அது? குப்பையில இன்னாத்த தேடுற?" என்றார்கள். "பழைய சாமான்மா" என்றேன். "எடுத்துனு போ" என்றார்கள். உள்ளே நீ நாடக வசனத்தைக் கத்திக்கொண்டிருந்தாய். கூப்பிடத் தோன்றவில்லை.

ஸ்டேஷன் குழாயில் கழுவி, நுனியில் வாய் வைத்துப் பார்த்தேன். குமட்டவில்லை.

ரயிலில் உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அப்போதுதான் வாந்தி வந்தது.

பதில் போட வேண்டாம்.

கோ. துரைக்கண்ணு