குப்புறத் தூங்கும் பிள்ளை

மேலகரம், தென்காசி
ஜூன் 18

அன்புள்ள மச்சானுக்கு,

இறைவனின் சாந்தி உங்கள் மேல் உண்டாகட்டும். நானும் பிள்ளையும் மாமியும் நலம். அங்கே வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்ததாக ஆசிப் சொன்னான். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தினமும் வீடியோவில் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நாம் பேசும்போதெல்லாம் உங்கள் உம்மா பக்கத்தில் இருக்கிறார்கள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் ஏன் போனாய் என்று கேள்வி வருகிறது. வாய்ஸ் அனுப்பினால் நீங்கள் ரூமில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் போட்டுக் கேட்பீர்கள். ஆசிப் லீவு முடிந்து நாளை தம்மாமுக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்து விடுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

இங்கே சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கேரளா வண்டிகளால் ரோட்டைக் கடக்க முடியவில்லை. சாரல் விடுவதே இல்லை. பிள்ளையின் துணிகளை அடுப்படியில் கயிறு கட்டிக் காயப்போடுகிறேன். வீடு முழுக்க ஈர வாடை.

ஹுஸைஃபாவுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறான். தூக்கம்தான் பெரிய பாடு. மல்லாக்கப் போட்டால் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு எழும்பிவிடுகிறான். தோளில் போட்டு நடந்தால் கண் சொருகும், கீழே விட்டதும் முழிப்பான். குப்புறப் போட்டால் மட்டும் அசையாமல் தூங்குகிறான். மாமி அப்படித்தான் போடச் சொல்கிறார்கள். மல்லாக்கப் போட்டால் பின்மண்டை தட்டையாகுமாம், பால் புரையேறுமாம். நான் வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் பேறு முடிந்து அனுப்பும்போதே குப்புறப் போடக்கூடாது என்றுதான் நர்ஸ் முதலில் சொன்னார். மாமி சிரித்துவிட்டு, "நாலு பிள்ளையளையும் குப்புறப் போட்டுத்தான் வளத்தேன், ஒம் மாப்பிள்ளை என்ன செத்தா போயிட்டான்" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நான் அவனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறேன். வந்து பார்த்தால் குப்புறக் கிடக்கிறான், முகம் இலவம்பஞ்சு மெத்தையில் அழுந்தி. அவனுக்கு இன்னும் தானாகப் புரளத் தெரியாது மச்சான். ஒரு தடவை என்றால் போகட்டும். இந்த வாரம் முழுக்க இப்படித்தான். யார் என்று கேட்டால் மாமி, "நான் அடுப்படியில்லா நின்னேன்" என்கிறார்கள்.

இன்னொன்றையும் எழுதக் கை வரவில்லை. உங்கள் அக்கா சாஜிதா மதினி தினமும் மத்தியானம் வருகிறார்கள். பிள்ளையைத் தூக்குவதில்லை, கொஞ்சுவதில்லை. மெத்தைப் பக்கம் உட்கார்ந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்க்கிறார்கள். நான் உள்ளே போனால் எழுந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கைப்பிள்ளை அஃப்ரின் மவுத்தானதும் இதே அறையில்தான், இதே மெத்தையில்தான், இதே சாரல் காலத்தில்தான். இரண்டு வருஷம் முன்பு நான் இந்த வீட்டுக்கு வரவில்லை, நீங்களும் அங்கே இருந்தீர்கள். தூக்கத்தில் போய்விட்டது என்பதற்கு மேல் இங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. கேட்டால் பேச்சு மாறுகிறது. முந்தாநாள் மாமி என்னைக் கூப்பிட்டு, சாஜிதா வரும்போது பிள்ளையைத் தனியாக விடாதே என்றார்கள். ஏன் என்று கேட்டேன். பறிகொடுத்தவள் கண் நல்லதில்லை என்று மெதுவாகச் சொன்னார்கள்.

அதிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. உங்கள் அக்காவைத் தப்பாக எழுதுகிறேனே என்று கோபிக்காதீர்கள். மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளையை மல்லாக்கப் போட வேண்டும் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

உங்கள்
ஜுஹைனா


மேலகரம்
ஜூலை 9

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். முதலில் இதைப் படியுங்கள்: பிள்ளை நன்றாக இருக்கிறான். பால் குடிக்கிறான், சிரிக்கிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

பிள்ளைக்கு லேசாக உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம் என்று போனில் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. மாமி கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ரபீக் காக்கா சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் பிளேன் ஏறுகிறார், அவர் வழியாக இது வருகிறது.

போன கடிதம் கிடைத்ததும் நீங்கள் மாமியிடம் பேசினீர்கள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். டாக்டர்கள் ஏதோ மல்லாக்கப் போடச் சொல்கிறார்களாமே என்று தொடங்கி, கடைசியில் நீங்களே சிரித்து, உம்மாவுக்குத் தெரியாததா என்று முடித்துவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அன்று முதல் மாமி மறைக்கவில்லை. என் எதிரிலேயே அவனைத் திருப்பிப் போட்டார்கள். நான் மல்லாக்க வைப்பேன், அவர்கள் குப்புற வைப்பார்கள். அதுவரை மதினியைச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்றும் சாரலுமாக இருந்தது. மாமி பிள்ளையைத் தூங்க வைத்து, கம்பளியைக் கழுத்து வரை போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டிவிட்டு வரப் போனேன். போகும்போது பார்த்தேன், அவன் குப்புறத்தான் கிடந்தான். நல்லா அசந்துட்டான், எழுப்பாதே என்று மாமி சைகை காட்டினார்கள். எழுப்பாமல் போனேன்.

கீழே சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அப்போதுதான் வந்த மதினி நனைந்த புர்காவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் பிள்ளை துணி மாதிரி தொங்கினான். உதடு நிறம் மாறியிருந்தது. மதினி அழவில்லை. அவன் உள்ளங்காலைத் தட்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு அவன் ஒரு மூச்சை இழுத்தான், விக்கல் மாதிரி. அதன் பிறகுதான் அழுதான். அவன் அழுகையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

மதினி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு மாமியைப் பார்த்தார்கள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்கள்:

"உம்மா, எம் பிள்ளையையும் இப்படித்தான் போட்டீங்களா?"

மாமியின் விரல் மணியிலேயே இருந்தது.

"நல்லா அசந்து தூங்குனாளேட்டி" என்றார்கள்.

மதினி எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் சாரலில் இறங்கிப் போனார்கள். இன்று வரை இந்த வீட்டுக்கு வரவில்லை. அத்தனை நாளும் அவர்கள் எதற்காக வந்து பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். ஒரு வயது வரைக்கும் எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், ஒருச்சாய்த்தும் வேண்டாம், கெட்டியான விரிப்பு போதும், தலையணை கம்பளி எதுவும் பக்கத்தில் கூடாது என்றார் டாக்டர். திடுக்கிட்டால் பயப்பட வேண்டாமாம், கொஞ்ச நாளில் தானாகப் போய்விடுமாம். இப்போது பாயில் துணி விரித்து மல்லாக்கக் கிடத்தி, அவன் நெஞ்சில் என் உள்ளங்கையை லேசாக வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். முதலில் உதைக்கிறான், முனகுகிறான். பிறகு மெல்ல அடங்குகிறான். தூங்கிய பிறகுதான் கையை எடுக்கிறேன்.

அஃப்ரினைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டேன். தான் பார்க்காத பிள்ளைக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியாது, மல்லாக்கப் படுத்த பிள்ளைகளுக்கும் சில சமயம் இப்படி நடப்பது உண்டு என்றார். வந்ததும் அதை மாமியிடம் சொன்னேன். நீ என் மனசு ஆறச் சொல்லுதே என்றார்கள்.

மச்சான், நான் இதை எழுதக் காரணம் மாமிதான். பிள்ளை இருக்கிற அறைக்குள் வருவதில்லை. அவன் அழுதால் வாசல்படி வரை வந்து நிற்கிறார்கள். நான் கொண்டுபோய் மடியில் வைத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். பிரஷர் மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையைக் கிழித்துக் கொல்லையில் போட்டுவிட்டார்கள், பஞ்சு நனைந்து அங்கேயே கிடக்கிறது.

நேற்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகத் தேடினேன். ஆட்டோ நாறும்பூநாதன் அண்ணாச்சிதான் கூட்டி வந்தார். அஃப்ரினை அடக்கிய கபர்ஸ்தான் மதிலை ஒட்டி நனைந்துகொண்டு நின்றார்களாம். வீட்டுக்கு வாங்க ஆச்சி என்று பலமுறை கூப்பிட்டாராம். உள்ளே பிள்ளை தூங்குது, சத்தம் போடாதே என்று அவரிடம் சொன்னார்களாம்.

இதை மதினிக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் போன் செய்யும்போது பிள்ளையைக் காட்டச் சொல்லாதீர்கள். முதலில் மாமியைக் கேளுங்கள். சாப்பிட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். பிறகு மதினியிடம் தனியாகப் பேசுங்கள், அவர்கள் அழட்டும், திட்டட்டும், குறுக்கே பேசாதீர்கள். லீவு கிடைக்குமா என்று கேட்க வேண்டாம், புறப்பட்டு வாருங்கள். நான் அடுப்படியில் நின்றாலும் என் காது வாசல் கதவிலேயே இருக்கிறது.

உங்கள் உம்மாவின் ஆயுளை நீட்டித் தரும்படி ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கேளுங்கள். இங்கே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

ஜுஹைனா