வடக்கே திரும்பிய தகடுகள்

என் அன்புத் தம்பி சிவநேசா,

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. ஒக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டது. போன கிழமை மகள், ஹில்ஸ்பரோவில் உள்ள எங்கள் வீட்டுக் கூரைக்குச் சோலார் பூட்ட ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் ஏணியை வடக்குப் பக்கம் சாத்தினார். தெற்கே வைக்கச் சொன்னேன்.

"அப்பா, இந்த நாட்டில வெயில் வடக்காலதான் வரும். சும்மா இருங்கோ," என்றாள் மகள்.

 சாம்பியாவில் நீயும் இதைத்தானே சொன்னாய்?

நீ அந்தக் கிராமப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். நான் வயரிங் வேலைக்காரன். பக்கத்துக் கிளினிக்கின் மருந்துக் குளிர்ப்பெட்டிக்காக முற்றத்தில் எட்டுச் சோலார் தகடு நட்டோம். எனக்கு அந்த வேலையை ஒருவரும் படிப்பிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பழகியபடி, தெற்கே ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன்.

"அண்ணை, இஞ்ச சூரியன் வடக்குப் பக்கமாப் போகுது."

"கரும்பலகையில சோக்கட்டி பிடிக்கிற உனக்கு ஸ்குரூ எந்தப் பக்கம் திருகிறதெண்டு தெரியுமோடா?" எல்லார் முன்னாலும் கேட்டேன். நீ சிரித்துவிட்டு ஏணியைப் பிடித்தாய். அடுத்த மாதம் நான் இங்கே வந்துவிட்டேன்.

ஆறு வருடமாகத் தொலைபேசியில் கேட்டேன், "என்ர தகடுகள் எப்படி?" என்று. "ராசா மாதிரி நிக்குது அண்ணை" என்பாய்.

தெற்கே நின்றால், வெயில் வடக்கே சாயும் யூன் மாதத்தில் குளிர்ப்பெட்டி நின்றுபோகும், குழந்தைகளின் தடுப்பூசி கெட்டுவிடும். பதறிப்போய் உன் மனைவி வசந்தியிடம் படம் கேட்டேன். வந்தது. தகடுகள் ரோட்டுக்கு முதுகு காட்டி நிற்கின்றன.

எப்போதடா திருப்பினாய்? அந்த இடுப்பு நோவோடு எட்டையும் தனியாகவா கிண்டி எடுத்தாய்? ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்று நினைத்தாயா? நினைத்தது சரிதான். அதுதான் கோபம்.

படத்தோடு வசந்தி கேட்டிருக்கிறாள்: "கிளினிக் பிரசவ அறைக்குப் புதுசாத் தகடு போடப்போகினம். அண்ணை வச்சபடிதான் சரி எண்டு இவர் எப்பவும் சொல்லுவார். இப்ப நிக்கிறபடியே போடச் சொல்லட்டோ?"

"ஓம்" என்று ஒரு சொல் எழுதினால் போதும். புதுத் தகடுகளும் சரியாக நிற்கும், என் பெயரும் நிற்கும். இரண்டு நாளாகப் பதில் போடவில்லை.

நாளைக்கு வசந்தியோடு கதைப்பேன். நான் பிழையாக வைத்தேன், நீதான் வடக்கே திருப்பினாய் என்று சொல்லுவேன். கிளினிக்குக்கும் அப்படியே எழுதுவேன். இது சத்தியம். ஆனால் வயரிங் முழுக்க என்னுடையது. அதில் ஒரு முடிச்சைக்கூட உனக்கு விட்டுத்தரமாட்டேன்.

கோபம் ஆறாத
உன் இரத்தினம் அண்ணன்