சிவப்பு டார்ச்சை இனி மாட்ட வேண்டாம்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று போனில் உன் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிடுகிறது, ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதெல்லாம் குரலில் தெரிவதில்லை, அதனால் கேட்டு எழுதுகிறேன். அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம், அவனுடைய சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து பாதிப் பேச்சு காற்றாகத்தான் வருகிறது, ஆனாலும் வாய் மூடுகிறதா என்றால் இல்லை, எல்லாம் அத்தை ஜாடை. அண்ணனுக்குக் குழாய் வேலை மூச்சுவிட நேரமில்லாமல் வந்துகொண்டிருக்கிறது, ஊரில் இருக்கிற குழாயெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒழுகுகிறதாம், நம் வீட்டுச் சமையலறைக் குழாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான். அம்மாவின் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டுகள் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டன, நான் பத்து நாளாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

இந்தக் கடிதம் இருக்கிற பெட்டியில் தலையில் மாட்டும் டார்ச் ஒன்றும் சின்னக் கை டார்ச் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துக்கொள், நான் முன்பு அனுப்பிய சிவப்பு டார்ச்சை இனி விமானத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம். ஏன் என்று போனில் அரைகுறையாகச் சொன்னேன், நீயும் சரிப்பா சரிப்பா என்று பேச்சை மாற்றிவிட்டாய், அதனால் முழுசாக எழுதுகிறேன், கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். இரவில் விமானம் ஓட்டப் பழகப் போகிறேன், ஒரு டார்ச் வாங்க வேண்டும், என்ன வாங்குவது என்று தெரியவில்லை என்று நீ பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னாய். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. விமானத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் இருட்டைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் சிவப்பு விளக்கின் கீழே இருபத்தாறு வருஷம் பிலிம் கழுவியவன் இல்லையா. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, இருட்டறையில் துடைப்பமும் வாளியும் வைத்திருக்கிறார்கள், நானும் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறேன், முதுகுவலி குறைந்தது, சந்தோஷம்தான். ஆனால் பழைய பாடம் மறக்கவில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் ஒரு தடவை பளீரென்று பட்டால் போச்சு, மறுபடி பழக அரைமணி நேரம் ஆகும், மங்கலான சிவப்பு அந்த அளவுக்குக் கெடுக்காது. ஆகவே நல்ல நெற்றி டார்ச்சாக இரண்டு வாங்கி, பழைய இருட்டறை விளக்கின் சிவப்புத் தகட்டை வட்டமாக வெட்டி, பூகம்பம் வந்தாலும் கழன்று விழாதபடி பசை போட்டு ஒட்டி, ஒன்றை உனக்கு அனுப்பினேன், இன்னொன்றை எனக்கென்று வைத்துக்கொண்டேன். நீயும் அதை மாட்டிக்கொண்டு சிரிக்கிற படத்தை அனுப்பி, ரொம்ப நல்லா இருக்குப்பா என்று எழுதினாய். அந்தப் படத்தை ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர்வரை பார்க்காதவர் யாரும் இல்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அம்மாவுக்கு மறுநாள் காலையில் ஒரு வகுப்புக்கு மார்க் கொடுத்தாக வேண்டும், மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது அவளுக்கும் தெரியாது, நான் பெருமையாக என் டார்ச்சை எடுத்து அவள் நெற்றியில் மாட்டிவிட்டேன். முதலில் பேனா எழுதவில்லை என்றாள், மை தீர்ந்துவிட்டது என்றாள், வேறு பேனா எடுத்தாள், அதுவும் எழுதவில்லை என்றாள். பிறகு, ஏற்கெனவே திருத்தி வைத்திருந்த கட்டைப் புரட்டினால் அதிலும் ஒரு சுழி கிடையாது, ஒரு பெருக்கல் குறி கிடையாது, பையன்கள் எழுதிய நீல எழுத்து மட்டும் கருகருவென்று நிற்கிறது, இவள் போட்ட சிவப்பு மை முழுவதும் காணாமல் போயிருந்தது. “உங்க டார்ச்சு நாப்பது பிள்ளைங்களையும் பாஸ் பண்ண வெச்சிடுச்சு” என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று உன் வரைபடம் நினைவுக்கு வந்தது. நீ காலாவதியானது என்று அனுப்பிய அந்த விமான வரைபடத்தை அம்மா முன்னறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாளே, டார்ச்சை வாங்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். மலை இருந்தது, ஆறு இருந்தது, ஊதா கலந்த சிவப்பில் சுற்றிச் சுற்றிப் போகுமே கோடு, இதற்குள் அனுமதி கேட்காமல் நுழையக் கூடாதுப்பா என்று நீ விரல் வைத்துக் காட்டினாயே, அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இருபத்தாறு வருஷமும் நான் பார்த்தது கறுப்பு வெள்ளை எலும்பைத்தான், எலும்பில் ஏது சிவப்புக் கோடு, அதனால் இது என் மண்டையில் ஏறவே இல்லை.

உடனே உனக்குப் போன் போட்டேன், நீ இருக்கிற நாட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. நான் பதறிப் பதறிச் சொல்லி முடித்ததும் நீ, “தெரியும்பா. மொதல் நாளே வாத்தியார் சொல்லிட்டார். நீங்க ஆசையா செஞ்சு அனுப்பினது, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்” என்றாய். டார்ச்சை நெற்றியில் எரியவிடாமல் சும்மா மாட்டிக்கொண்டு, வாத்தியாரின் பேனா டார்ச்சை இரவல் வாங்கி வைத்து ஓட்டுகிறாய் என்றும், அது ஒருநாள் நடுவானத்தில் மங்கிப்போய், போனை வாயில் கவ்விக்கொண்டு அதன் வெளிச்சத்தில் வரைபடம் பார்த்தாய் என்றும், கண் கூசி வெளியே ஒன்றும் தெரியாமல் கொஞ்ச நேரம் வாத்தியார் ஓட்டினார் என்றும் ஏதோ சினிமாவுக்குப் போய் வந்ததுபோல் சொன்னாய். மாதக் கடைசியில் ஓர் இரவு வாத்தியார் இல்லாமல் தனியாக மூன்று விமான நிலையம் தொட்டுத் திரும்ப வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொன்னாய். நான் சரிம்மா என்று போனை வைத்தேன், அம்மா கொடுத்த காபி ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அண்ணனையும் இழுத்துக்கொண்டு மின்சாமான் கடைக்குப் போனேன். சுவரிலிருந்து உரித்த வரைபடம் ஒரு கையில், நிறத்தைப் பார்த்துத்தான் சரிபார்ப்பேன் என்று நீ சொல்வாயே லேசான நீல நிற எரிபொருள், அதற்குப் பதிலாக அம்மாவின் நீல மையைத் தண்ணீரில் கரைத்த பாட்டில் இன்னொரு கையில். கடைக்காரரிடம் பின்னால் இருக்கிற சாமான் அறையில் லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தானும் உள்ளே வருவதாக இருந்தால் சரி என்றார். மூன்று ஆம்பளைகள் இருட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று எட்டு டார்ச் பார்த்தோம். ஒன்று பட்டனைத் தொட்டதுமே முழு வெள்ளையில் முகத்தில் அறைந்தது, வேண்டாம் என்றேன். ஒன்று மூன்றாவது அழுத்தலுக்கு ஆம்புலன்ஸ்போல் மின்ன ஆரம்பித்தது, கடைக்காரர் அதைத்தான் எல்லோரும் விரும்பி வாங்குகிறார்கள் என்றார், வாங்கட்டும். இப்போது அனுப்பியிருப்பது எப்போது போட்டாலும் மிக மங்கலான வெளிச்சத்தில்தான் தொடங்கும், அழுத்திப் பிடித்தால் மெல்ல ஏறும், சிவப்புக்குத் தனிப் பட்டன், வெள்ளைக்குத் தனிப் பட்டன், ஒன்றைத் தேடும்போது இன்னொன்று எரியாது. அதன் குறைந்த வெள்ளையில் அந்த ஊதாச் சிவப்புக் கோடு இழை இழையாகத் தெரிந்தது, பாட்டில் தண்ணீரும் நீலமாகவே தெரிந்தது, சிவப்பில் பார்த்தால் அதுவும் வெறும் கறுப்புத் தண்ணீர்தான். சிவப்பை விமானம் கிளம்புகிற, தரையிறங்குகிற நேரத்துக்கு வைத்துக்கொள், வரைபடம் பார்க்க மங்கல் வெள்ளை. நெற்றியில் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டு என்று அண்ணன் சொல்லச் சொன்னான், பளபளப்பான குழாயில் பட்டே வெளிச்சம் திரும்பி வந்து கண்ணைக் குத்துகிறதாம், உனக்கு எதிரே முழுக் கண்ணாடி. பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் திரும்பினால் அவர் கண்ணிலும் அடிக்கும், அதுவும் நினைவிருக்கட்டும். கை டார்ச்சைத் தேர்ந்தெடுத்தது அவன்தான், உருண்டையாக இல்லாமல் ஆறு பட்டையாக இருப்பதால் உருண்டு போகாது, அவனுடைய பழைய டார்ச் உருண்டு சாக்கடையில் போனதிலிருந்து அதில் கறாராக இருக்கிறான், உனக்கு அது கால் மிதியின் அடியில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். புறப்படும் முன் டயர், எண்ணெய், இறக்கை ஓரம் எல்லாம் சுற்றிப் பார்க்க அதன் பெரிய வெளிச்சத்தைப் போடு, பிறகு கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள். இரண்டுக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண பேட்டரிதான்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். டார்ச் தப்பாகப் போனதில் எனக்கு வெட்கம், அது இரண்டு நாளில் போய்விட்டது. நீ தெரிந்தும் சொல்லாமல் இருந்தது போகவில்லை. கோபமில்லை கண்ணு, நீ யார் பெண் என்று எனக்குத் தெரியாதா. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் எங்கள் பெரிய டாக்டர் இருட்டறைக்கென்று ஒரு புது விளக்கைத் தானே தேடி வாங்கி, தானே ஏணியில் ஏறி மாட்டினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான். அன்றைக்கே பிலிமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் மங்கி வந்தது, விளக்கின் சிவப்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனசு நோகுமே என்று வாயைத் திறக்கவில்லை, வேகமாகக் கழுவி எப்படியோ சமாளித்தேன். மூன்றாம் நாள் ஒரு தையல்காரம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு வலிக்கிறது என்று வந்தார், அந்தச் சாம்பல் படத்தில் முடி கனத்துக்கு இருந்த விரிசல் யார் கண்ணிலும் படவில்லை, களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்துக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் கை வீங்கித் திரும்பி வந்தார். கட்டுப் போட்டுக் கை சரியாகிவிட்டது, ஆனால் இரண்டு மாதம் அந்த அம்மாவின் தையல் மெஷின் ஓடவில்லை. அன்று சாயங்காலம் டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். “மொதல் நாளே சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?” என்றார், ஏணியைப் போட்டு விளக்கைக் கழற்றிவிட்டார், அவ்வளவுதான். இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, சொல்ல நாக்கு எழவில்லை.

அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கு அப்பா மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்தவள், நாளைக்கு இன்ஜினைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக் நல்ல மனுஷர், அவர் முகம் வாடுமே என்று ஒரு சத்தத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவாயோ, வாத்தியார் என்ன நினைப்பாரோ என்று ஒரு சந்தேகத்தை விழுங்கிவிடுவாயோ என்று. உனக்கு நல்ல மனசு, அதைக் குறை சொல்லவில்லை, அதைத் தரையில் வைத்துக்கொள், மேலே போகும்போது வேண்டாம்.

நீ ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இறங்க வேண்டும், உன் கண்ணும் கையும் உன் சொல்பேச்சுக் கேட்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம், அண்ணனும் அண்ணியும் ஆசி சொல்லச் சொன்னார்கள், சின்னவள் உனக்கென்று வரைந்த விமானத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன், இறக்கை மூன்று இருக்கிறது, கேட்டால் ஒன்று மாற்று இறக்கையாம். பேட்டரி ஒரு செட் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். மாதக் கடைசிக்கு முன்னால் இந்த டார்ச்சுகளை இருட்டில் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, என்ன குறை இருக்கிறது என்று சொல், பட்டை இறுக்கமோ, பட்டன் கையுறைக்கு அகப்படவில்லையோ, வெளிச்சம் கூடுதலோ, எதுவானாலும். நல்லா இருக்குப்பா என்று மட்டும் சொன்னால் நான் நம்பப் போவதில்லை. குறை சொன்னால் என் முகம் வாடத்தான் வாடும், நான் என்ன மரமா, ஆனால் அது ஒரு காபி குடிப்பதற்குள் சரியாகிவிடும். நீ சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா