பவுடர் பூசாத திங்கட்கிழமை

அக்கா,

இன்று காலை தெரணியகலை பஸ்ஸில் ஒரு அம்மா கைப்பிள்ளையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையின் முகம், கழுத்து, காது மடல் எல்லாம் பவுடர். பஸ் வளைவில் சாயும்போதெல்லாம் கொஞ்சம் என் சேலையிலும் ஒட்டியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பவுடர் டின்னை வைத்தே என்னை மாதக்கணக்கில் ஏமாற்றினார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் இதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, "மிஸ், கூட்டிக் கூட்டி எழுதுறீங்க" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

கூட்டவில்லை அக்கா. நடந்ததே போதுமானதாக இருக்கிறது.

நான் அட்டன் டவுனில் கடை வைத்திருந்தவர் மகள். விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. தோளில் பை, கையில் ஃபைல், தலை நிறையக் கர்வம். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி வருவேன். உங்கள் மகள் செல்விக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே கை கால் இறுக்கம், பேச்சும் ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் வரும். வீட்டுக்காரர் இல்லாத வீடு. நீங்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால், அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் உங்கள் தங்கச்சிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். நான் வரும் நாளில் அரைநாள் வேலையோடு இறங்கி வந்து, தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுனை மாட்டி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, செல்வியைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்திருப்பீர்கள். உட்கார வீட்டிலிருந்த ஒரே கதிரை எனக்கு. சோடாவும் எனக்கு. பேச்சு முழுவதும் எனக்கே.

"பயிற்சி செஞ்சீங்களா?"

"செஞ்சோம்ங்க மிஸ்."

"காலையில பத்து மணிக்கு?"

"ஆமாங்க மிஸ்."

பத்து மணிக்கு நீங்கள் கொழுந்து மலையில் நிற்பீர்கள் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. செல்வியைத் தூக்கி உட்கார வைக்கப் பார்ப்பேன். அவள் வில்லாக வளைந்து வீரிட்டுக் கத்துவாள். உட்கார மாட்டாள், தாய்க்கு அக்கறை போதாது என்று ஃபைலில் எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

பிறகு ஒரு நாள் எங்கள் பெரிய மேடமும் கூட வந்தார். நீங்கள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் வாசலில் நின்று சிங்களத்தில் பேசினோம். இந்தப் பிள்ளை தேறாது, தாய்க்கும் அக்கறை இல்லை, தூரத்தில் உள்ள ஒரு ஹோமில் சேர்ப்பதுதான் நல்லது என்று சொன்னது நான்தான். அப்புறம் உங்கள் பக்கம் திரும்பித் தமிழில் தேனொழுகக் கேட்டேன். "செல்விய ஹோம்ல நல்லா பாத்துக்குவாங்க. விடுறீங்களா?"

"சரிங்க மிஸ்."

தாய் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். உங்கள் முகத்தை நான் ஏறெடுத்துப் பார்த்த ஞாபகம்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த முறை செவ்வாய்க்கிழமையில் பௌர்ணமிப் போயா விழுந்தது. லீவு நாள். சரி, முந்தின நாளே போய்விட்டு வருவோம் என்று திங்கட்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்தேன். ஹோம் விண்ணப்பம் பைக்குள் இருந்தது. உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

வாசலில் ஒரு பழைய கொழுந்துக் கூடை. அதன் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, உள்ளே சாக்கும் கிழிந்த சேலையும் திணித்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் கல்லை முட்டுக் கொடுத்திருந்தீர்கள். அதற்குள் செல்வி. உட்கார்ந்திருந்தாள் அக்கா! முதுகை நிமிர்த்திக்கொண்டு, வெறும் பெட்டிகோட்டோடு, மூக்கு ஒழுக. அவித்த பலாக்கொட்டையின் தோலை உரித்துக் கோழி மேல் எறிவதும், கோழி துள்ளும்போது கெக்கெக்கென்று சிரிப்பதுமாக இருந்தாள். எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லாத பயிற்சி அது.

என்னைக் கண்டதும் நீங்கள் முதலில் பாய்ந்தது பவுடர் டின்னைத் தேடித்தான். "ஐயையோ! இன்னிக்குச் செவ்வாக்கெழமை இல்லயே மிஸ்! பிள்ளய கூடயில போட்டு வச்சிருக்கேன்னு எழுதிப்புடாதீங்க!"

"எவ்வளவு நாளா இப்படி உக்கார்றா?"

"மூணு மாசமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே மிஸ்." அத்தோடு அடுப்பில் பால் பொங்குவது போல மற்றதும் பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்க வந்தா தாளப் பாப்பீங்க, மணியப் பாப்பீங்க. பெரியவங்க வர்றாங்களேன்னு நாங்க பிள்ளய ஜோடிச்சு வைப்போம். அன்னிக்கி மேடத்துக்கிட்ட சிங்களத்துல சொன்னீங்களே, அக்கறை இல்லாத தாயின்னு. அம்புட்டும் வெளங்கிச்சு. நான் இந்தப் பக்கமே பொறந்து வளந்தவ, சந்தைக்குப் போனா சிங்களந்தான். ஒங்க சிங்களந்தான் மிஸ் கொஞ்சம் கோணல்."

"அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

"தொரைமாருக்கிட்ட நாங்க என்னிக்கி முடியாதுன்னு சொல்லியிருக்கோம்? அன்னிக்கி ராவெல்லாம் பிள்ளயக் கட்டிக்கிட்டு அழுதேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. கதிரையைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தேன். செல்வி ஒரு பலாக்கொட்டையை என் மடியில் எறிந்தாள்; தோலோடுதான். "அக்கா, நீங்க சொல்லுங்க. நான் எழுதல, கேக்குறேன்" என்றேன். அதுவரைக்கும் உங்களை நான் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. எந்த நேரத்தில் அவள் உடம்பு தளரும், எந்தப் பாட்டுக்குக் கை நீட்டும், யார் தூக்கினால் இறுகும் என்று விளக்கு வைக்கும் வரை சொன்னீர்கள். யார் தூக்கினால் இறுகும் என்பதற்கு விடை நான்தான்!

மேடம் மறுபடி வந்தபோது பவுடர் இல்லை, மஞ்சள் கவுன் இல்லை. செல்வி கூடைக்குள் இருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்களே சரளமான சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னீர்கள். கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. மேடம் கூடைப் பக்கம் குனிந்து செல்வியைப் பார்த்தார். "எஹெனங் கெதரம ஹொந்தாய்" என்றார். அப்படியானால் வீடேதான் நல்லது. நான் விண்ணப்பத்தைக் கிழித்தேன். "கொண்டாங்க மிஸ், தண்ணி இன்னும் கொதிக்கல" என்று வாங்கி அடுப்பில் செருகினீர்கள். அன்றைக்கு சோடா கிடையாது. எல்லாருக்கும் ஒரே தேத்தண்ணி.

அதற்குப் பிறகு ஆட்கள் முன்னால் நான் மிஸ், தனியாக இருந்தால் தங்கச்சி. செல்வி கூடையிலிருந்து தோட்டத்து ஆசாரி அடித்த கதிரைக்கு மாறினாள். பக்கத்துக் காம்பராச் சித்திக்கு அரிசியில் கல் பொறுக்கிக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தாள்.

உங்கள் கருமாதிக்கு மறுநாள், இனி அவளை யார் பார்ப்பது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவளை நடுவில் வைத்துக்கொண்டே பேசினோம். ஹோம் என்ற சொல் திரும்பவும் வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது அக்கா, நானும் தலையாட்டினேன். அப்போது கதிரையிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வந்தது.

"என்கிட்ட... யாரும்... கேக்கலயே."

அப்படியே உங்கள் வாய். நான் தரையில் உட்கார்ந்து, "சொல்லு செல்வி" என்றேன். நேரம் எடுத்தது. குறுக்கே பேச வந்த சித்தப்பாவை ஒரு முறை முறைத்தேன். "சித்தி கூட... இங்கதான் இருப்பேன். கோழிக்கு... யாரு தீனி போடுறது?" என்றாள். சித்தி அழுதுகொண்டே சிரித்தார். இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். கோழிகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன.

இன்று புதிதாகப் போன வீட்டிலும் பிள்ளை பவுடரோடு படுத்திருந்தது. சோடா வந்தது. "சரிங்க மிஸ்" வந்தது. ஃபைலைப் பைக்குள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். "நான் வராத நாள்ல பிள்ள என்ன செய்யும்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். அந்தத் தாய் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து, பிள்ளை உட்காரவென்று பழைய சேலை சுற்றித் தைத்த ஒரு டயரை மெல்ல இழுத்து வெளியே வைத்தார். வந்து பாருங்கக்கா என்று உங்களைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது.