காலிங்பெல் வயர்

14.7.2003
மகள் விஷ்ணுப்ரியா வந்து ஒரு வாரம். அம்மா கௌசல்யாவுக்கு இனி மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்ததும் பெங்களூரிலிருந்து ஓடி வந்தவள். ஆபீஸ் கம்ப்யூட்டர் அங்கே; அதன் திரை போன் லைன் வழியாக நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரியும், அதில் வேலை பார்க்கிறாள். மாதக் கடைசி வரை ஆபீஸில் பார்ப்பார்களாம். வேலை ஓடாவிட்டால் திரும்பிப் போகணும். திரையோ மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. நான் வேலை பார்க்கும் லாட்ஜில் மூன்றாம் மாடிக்குச் சாயாவே சீக்கிரம் போய்விடும்.

16.7
திரையிலிருந்த மலைப் படத்தை எடுத்துவிட்டாள். நிறங்களையும் குறைத்துவிட்டாள்.
“அழகா இருந்ததே மக்களே?” என்று மகளிடம் கேட்டேன்.
“அந்த மலையும் போன் வழியாத்தானேப்பா வரணும்.”
என் பத்தாம் கிளாஸ் மூளைக்கும் புரிந்தது. கொஞ்சம் தேவலை. போதாது.

19.7
கௌசல்யா படுத்தபடியே தங்கையிடம் பேச ரிசீவரை எடுக்கிறாள் — பெங்களூர் அறுந்துபோகிறது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி டயல் செய்கிறாள்.

21.7
லைன்மேன் திரவியம் வந்தார். கட்டிலருகே போன் வைக்க நானே இழுத்த வயரைப் பார்த்துச் சிரித்தார்.
“அண்ணாச்சி, இது காலிங்பெல் வயரல்லே? இதான் லைன்ல இரைச்சல். எடுத்தா ஸ்பீடு வரும், கேட்டோ.”
பெரிய எஞ்சினீயர் நான்! எடுத்துவிட்டால் கௌசல்யாவுக்குப் பேச வழியில்லை. புது வயர் போடலாமா என்று கேட்டேன். ரிசீவரை எடுத்தால் அப்போதும் அறுந்துதான் போகுமாம்.
கௌசல்யாவே சொன்னாள்: “எடுக்கச் சொல்லுங்க. தங்கச்சிட்ட பேசி என்ன ஆவப்போவுது? பிள்ள இங்கன இருக்கட்டும்.”

22.7
வயரை எடுத்தாயிற்று. திரை சட்டென்று திறக்கிறது. மகள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கௌசல்யா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

1.8
ஆபீஸ் சம்மதம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கிருந்தே பார்க்கலாம். லாட்ஜில் எல்லாருக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

9.9
கௌசல்யா போய்விட்டாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. அதற்குத்தானே எல்லாம். என்ன எழுத —

28.9
மகள் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். ஆபீஸில் யாரும் கூப்பிடவில்லை.
“இப்பதான் நல்ல வேகமா இருக்கே மக்களே,” என்றேன், கம்ப்யூட்டரை விற்க வந்தவன் மாதிரி.
“இருக்குப்பா. அம்மா ரூமைத் தாண்டித்தானே கம்ப்யூட்டர்கிட்ட போகணும். என்னால முடியல.”
தம்பானூர் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். ரயில் சொன்ன நேரத்துக்கே கிளம்பிவிட்டது. இன்றைக்குப் பார்த்து.